சக்கரம் பூட்டிய பலகை: வாகனமா, விளம்பரமா?

சந்தி ஓரத்தில் லாண்ட்மாஸ்டர் பெட்டி ஒன்று நிற்கிறது. அதை இழுத்து வந்த இயந்திரம் எப்போதோ போய்விட்டது. பெட்டியின் மேல் இரும்புச் சட்டம், சட்டத்தின் இரண்டு பக்கமும் பிளெக்ஸ். புதிதாகத் திறந்த கடையொன்றின் மலிவு விற்பனை அறிவிப்பு. உருண்டு போகாமலிருக்க ரயருக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்திருக்கிறார்கள். அடுத்த கிழமை போனாலும் அது அங்கேதான் நிற்கும். சைக்கிளில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைச் சுற்றி வீதியின் நடுப்பக்கத்துக்கு ஏறி, பிறகு ஓரத்துக்கு இறங்குவார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் காட்சி யாருக்கும் புதிதல்ல. பெட்டிக்குப் பதிலாகச் சிறிய லொறி இருக்கலாம், ஓட்டோ இருக்கலாம், இப்போது மின்பிறப்பாக்கியோடு வரும் எல்.ஈ.டி. திரையும் இருக்கலாம். கடை வாசலில் மடக்கி விரிக்கும் 'ஏ' வடிவப் பலகையும், நடைபாதையில் நிற்கும் துணிக்கொடியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். இவை எதுவும் நிலத்தில் ஊன்றப்பட்டவை அல்ல. சட்டத்தின் பார்வையில் இவை வழுக்கிக்கொண்டு போவதற்குக் காரணமும் அதுதான்.

இதை அகற்றச் சொல்லி யாரிடம் போவது? வாகனம் என்றால் பொலிஸ். விளம்பரம் என்றால் உள்ளூராட்சி சபை. வீதியில் கிடக்கும் தடை என்றால் அந்த வீதி யாருடையதோ அவர்கள். மூன்று பதிலும் சரியானவையே. அதனாலேயே பெட்டி அங்கே நிற்கிறது.

உபவிதி என்ன சொல்கிறது?

விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இலங்கையில் உள்ளூராட்சி சபைகளுக்கு உண்டு. யாழ்ப்பாண மாநகர சபைக்கு அது 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை நகர சபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டத்திலிருந்தும், பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்திலிருந்தும் வருகிறது. ஆனால் இந்தச் சட்டங்கள் அதிகாரத்தை மட்டுமே தருகின்றன. பலகையின் அளவு, கட்டணம், உரிமம், தண்டம் போன்ற விபரங்களைச் சபை தன் உபவிதியில்தான் எழுத வேண்டும். அந்த உபவிதி உரிய அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளியான பின்பே செல்லுபடியாகும்.

எல்லாச் சபைகளும் தாமே உட்கார்ந்து உபவிதி எழுதுவதில்லை. 1952ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அரசு தயாரித்த மாதிரி உபவிதிகளை ஒரு தீர்மானத்தின் மூலம் சபை ஏற்றுக்கொள்ளலாம். பிரதேச சபைகளுக்கான அத்தகைய மாதிரித் தொகுதி 1988 ஓகஸ்ட் 23ஆம் திகதிய 520/7ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்தது. நாட்டின் பல பிரதேச சபைகள் இன்றும் வருடாந்தக் கட்டண அறிவித்தல்களில் குறிப்பிடுவது இந்த இலக்கத்தைத்தான். அதாவது, பிளெக்ஸ் அச்சு என்ற ஒன்றே இங்கே இல்லாத காலத்து வாசகங்களை வைத்துக்கொண்டு எல்.ஈ.டி. திரையை அளக்கிறோம்.

பழையது என்பதற்காக அது பயனற்றது என்று நினைக்க வேண்டாம். இந்த வகை உபவிதிகளின் அடிப்படை வாசகம் மிகவும் அகலமானது. வீதியிலிருந்தோ கால்வாயிலிருந்தோ ஏரியிலிருந்தோ கடலிலிருந்தோ வானத்திலிருந்தோ கண்ணுக்குத் தெரியும்படி விளம்பரம் எதையும் உரிமமின்றிக் காட்சிப்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். வானத்திலிருந்து பார்ப்பவரைக்கூட மனதில் வைத்து எழுதியவர்கள், பலகை நிலத்தில் நிற்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. வீதியிலிருந்து தெரிகிறதா என்பதுதான் கேள்வி. அப்படிப் பார்த்தால் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் நிற்கும் பிளெக்ஸும் உரிமம் பெற வேண்டிய விளம்பரமே.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கட்டணம் வழமையாகச் சதுர அடிக்கு இவ்வளவு, இவ்வளவு காலத்துக்கு என்று கணக்கிடப்படும். விண்ணப்பத்தில் இடத்தைக் குறிக்க வேண்டும், காணி உரிமையாளரின் சம்மதத்தைக் காட்ட வேண்டும். நகரும் பலகைக்கு எந்த இடத்தைக் குறிப்பது? யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் தெல்லிப்பழைக்குப் போகும் விளம்பர வண்டி, கொக்குவிலில் நல்லூர் பிரதேச சபைக்குள் நுழைகிறது. சுன்னாகத்தில் அது வலிகாமம் தெற்கு, தெல்லிப்பழையில் வலிகாமம் வடக்கு. ஒரு மணித்தியாலம்கூட எடுக்காத பயணத்தில் நான்கு சபைகள். நான்கிடமும் உரிமம் எடுக்க வேண்டுமென்றால் யாரும் எடுக்க மாட்டார்கள். எடுக்கத் தேவையில்லை என்றால் ஊன்றிய பலகைக்குப் பணம் கட்டும் கடைக்காரர் ஏன் கட்ட வேண்டும்?

வீதியும் ஒருவருடையதல்ல

2008ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கத் தேசிய பெருந்தெருக்கள் சட்டம் ஏ, பி வகை வீதிகளை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வைத்திருக்கிறது. கண்டி வீதியான ஏ-9, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். அடுத்த தரத்து வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. ஒழுங்கைகளும் உள் வீதிகளும் சபைக்குரியவை. விளம்பரக்காரர்கள் தேடிப் போவது ஆட்கள் அதிகம் போய்வரும் பெரிய வீதிகளை. ஆகவே விளம்பரத்துக்குக் கட்டணம் அறவிடும் உரிமை சபையிடம் இருக்க, அது நிற்கும் தார் ஓரம் பெரும்பாலும் வேறொருவரிடம் இருக்கிறது.

பொலிஸார் தலையிட 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வாகனத்தை நிறுத்துவது குற்றம். ஆனால் இலக்கத்தகடு உள்ள இழுவைப் பெட்டி வீதியோரத்தில் ஒழுங்காக நின்றால், அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது போக்குவரத்துப் பொலிஸின் கவலையல்ல. ஒலிபெருக்கி கட்டினால் மட்டும் பொலிஸ் அனுமதி தேவை.

சட்டம் வாகனத்தையும் விளம்பரத்தையும் சேர்த்து யோசித்த ஓர் இடம் உண்டு. அது தேர்தல். 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம், வேட்புமனு நாளிலிருந்து வாக்கெடுப்புக்கு மறுநாள் வரை பொது இடங்களில் சுவரொட்டி, பதாகைகளைத் தடுக்கிறது. வேட்பாளர் பயணிக்கும் வாகனத்துக்கு மட்டும் விலக்களிக்கிறது. வாகனத்தின் மேல் படத்தை ஒட்டிச் சந்தியில் நிறுத்திவிட்டு அது வாகனம்தானே என்று சொல்லும் தந்திரத்துக்கு அங்கே இடமில்லை. வேட்பாளருக்கு எழுத முடிந்த விதியைப் புடவைக் கடைக்கு எழுத முடியாதா என்ன?

இங்கிலாந்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் விளம்பரக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, வழமையாக ஓடும் வாகனத்தில் உள்ள விளம்பரத்துக்கு அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த வாகனத்தின் பிரதான பயன்பாடே விளம்பரம் காட்டுவதென்றால் விலக்கு இல்லை. பாண் விற்கும் ஓட்டோவின் பின்னால் பேக்கரியின் பெயர் இருப்பது வேறு, பிளெக்ஸைத் தாங்குவதற்கு மட்டும் ஓர் ஓட்டோ நிற்பது வேறு. இந்த வித்தியாசத்தை ஒரே வசனத்தில் சொல்லிவிடலாம்.

சோளகம் வீசும் மாதங்கள்

அழகு, ஒழுங்கு என்பதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டுக் காற்றைப் பார்ப்போம். தட்டையான பலகை காற்றுக்குப் பாய்மரம். எட்டு அடிக்கு நாலு அடிப் பலகை ஒன்றை மணிக்கு 50 கிலோமீற்றர் வேகக் காற்று நேருக்கு நேர் தாக்கினால், ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள விசை அதைத் தள்ளும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். இருபது அடிக்குப் பத்து அடி என்று பெட்டி மேல் உயர்த்திக் கட்டிய பதாகையை அதே 50 கிலோமீற்றர் காற்று கிட்டத்தட்ட 270 கிலோவால் தள்ளும், அதுவும் நிலத்திலிருந்து பல அடி உயரத்தில். கீழே இருப்பதோ இரண்டு சக்கரமும் இரண்டு செங்கல்லும். குடாநாட்டில் மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் வீசும். விளம்பரங்கள் அதிகம் வெளியே வரும் நல்லூர்த் திருவிழாக் காலமும் அதற்குள்தான் வருகிறது.

2024 மே 13ஆம் திகதி மும்பையின் காட்கோபரில் புழுதிப் புயலில் சரிந்த இராட்சத விளம்பரப் பலகை எரிபொருள் நிலையத்தின் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அங்கே அனுமதிக்கப்படும் அளவு 40 அடிக்கு 40 அடி. விழுந்தது 120 அடிக்கு 120 அடி. பலகை நின்றது ரயில்வே பொலிஸாரின் பொறுப்பில் இருந்த காணியில். அவர்கள் அனுமதி கொடுத்திருந்தார்கள், மாநகராட்சியோ தன் அனுமதி இல்லை என்றது. அளவில் நம்முடைய பெட்டிக்கும் அதற்கும் எந்த ஒப்பீடும் இல்லை. பொறுப்பு இரண்டு அலுவலகங்களுக்கிடையில் கைமாறிக்கொண்டே இருந்த கதை மட்டும் நமக்கு நன்றாகப் பழகியது.

காற்றில்லாத நாளிலும் பாதிக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் நடைபாதை என்று மிஞ்சியிருப்பது சில அடிகள். அதில் ஒரு 'ஏ' பலகை வைத்தால் சக்கர நாற்காலிக்கு வழியில்லை. வெள்ளைப் பிரம்போடு நடப்பவருக்கு நேற்று இல்லாத ஒன்று இன்று காலில் இடறும். போரில் காலையும் கண்ணையும் இழந்தவர்கள் வாழும் ஊர் இது. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரம் 2018 நவம்பரில் நடைபாதைப் பலகைகளை நகரம் முழுவதும் தடைசெய்தது. பார்வையற்றோரும் நடக்கச் சிரமப்படுவோரும் எழுப்பிய கோரிக்கை அதற்கு முக்கிய காரணம். முழுத் தடை இங்கே சரிவரும் என்று நான் நினைக்கவில்லை. ஒழுங்கைக்குள் இருக்கும் தேநீர்க் கடைக்கும் தையல் கடைக்கும் பிரதான வீதி முனையில் வைக்கும் அந்தச் சின்னப் பலகைதான் ஒரே விளம்பரம்.

யார் அமுல்படுத்துவது?

உபவிதி இருந்தாலும் அதை வீதிக்குக் கொண்டுபோக ஆட்கள் வேண்டும். 2021இல் யாழ். மாநகர சபை நகரச் சுகாதாரத்தைக் கண்காணிக்கச் சிறு காவற் குழுவொன்றை அமைத்தது. குப்பை போடுபவர்களுக்கும் வெற்றிலை துப்புபவர்களுக்கும் தண்டம் அறவிடுவது அதன் வேலை. அவர்களின் சீருடை விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்திருக்கிறது என்று சொல்லி அந்த ஏப்ரலில் அன்றைய முதல்வர் வி. மணிவண்ணன் பயங்கரவாத விசாரணைப் பிரிவினரால் கைதுசெய்யப்பட்டுப் பின்னர் பிணையில் விடப்பட்டார். கொழும்பு மாநகர சபையிலும் இப்படியான சீருடை உண்டு என்பது அவர் தரப்பு விளக்கம். உபவிதியை அமுல்படுத்த ஐந்து பேருக்குச் சட்டை தைத்தது தேசியப் பாதுகாப்புப் பிரச்சினையானது இங்கேதான். அதன் பிறகு 2023 மார்ச்சிலிருந்து 2025 நடுப்பகுதி வரை உள்ளூராட்சி சபைகளில் மக்கள் பிரதிநிதிகளே இருக்கவில்லை. 2018 ஒக்ரோபருக்குப் பிறகு வடக்கு மாகாண சபையும் கூடவில்லை.

ஆள் குறைந்த சபை என்ன செய்யும்? எளிதில் தூக்கக்கூடியதைத் தூக்கும். உழவு இயந்திரத்தில் வந்து 'ஏ' பலகைகளை அள்ளிக்கொண்டு போவது சுலபம். இலக்கத்தகடும் உரிமையாளரும் உள்ள இழுவைப் பெட்டியைத் தொட்டால் வழக்கு வரும். ஆகவே கட்டுப்பாட்டின் பாரம் சின்னக் கடைகளின் தலையிலேயே முதலில் இறங்குகிறது.

இதற்கு வெளிநாட்டு மாதிரி அவசியமில்லை என்றே தோன்றுகிறது. நல்லூர் மகோற்சவத்தின் 25 நாட்களிலும் இதே மாநகர சபை சூழவுள்ள வீதிகளை மூடுகிறது, தற்காலிகக் கடைகளுக்கு நிலத்தை அளந்து கொடுக்கிறது, வாடகை அறவிடுகிறது, திருவிழா முடிந்ததும் அகற்றச் செய்கிறது. இடம், அளவு, நாள் ஆகிய மூன்றையும் வைத்துத் தற்காலிகமான ஒன்றை ஆளும் அனுபவம் அதற்கு இருக்கிறது. நகரும் பலகைக்கும் இந்த மூன்றும் போதும். இத்தனை மணித்தியாலத்துக்கு மேல் ஓரிடத்தில் நின்றால் அது விளம்பரப் பலகை, சந்தியிலிருந்து இத்தனை அடிக்குள் நிற்கக் கூடாது, நடைபாதையில் இத்தனை அடி வெறுமையாக இருக்க வேண்டும், பலகையின் மூலையில் உரிம இலக்கமும் முடியும் திகதியும் இருக்க வேண்டும். குடாநாட்டின் சபைகள் சேர்ந்து ஒரே வாசகத்தை ஏற்றுக்கொண்டால் நான்கு சபைச் சிக்கலும் குறையும். எழுதியிருக்கும் விடயத்தைப் பார்த்து விதியை மாற்றுவது மட்டும் ஆபத்து. அமெரிக்காவின் கில்பர்ட் நகரம், தேவாலய ஆராதனைக்கு வழிகாட்டும் தற்காலிகப் பலகைக்கு ஒரு நேரம், அரசியல் பலகைக்கு இன்னொரு நேரம் என்று விதித்திருந்தது. 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏகமனதாக நிராகரித்தது. நினைவேந்தல் பதாகையும் கட்சிப் பதாகையும் தொங்கும் நம் சந்திகளில் இந்த எச்சரிக்கைக்கு அர்த்தம் அதிகம்.

உங்கள் வீதியில் நிற்கும் பெட்டிக்கு உரிமம் உண்டா என்று அறிய வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உரிமம் பெற்ற விளம்பரங்களின் பட்டியலையும் அறவிட்ட கட்டணத்தையும் சபையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், பிரதியை வீதிக்குரிய அதிகார சபைக்கும் பொலிஸுக்கும் அனுப்புங்கள். பொது வழியில் உள்ள சட்டவிரோதத் தடையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானுக்கு இருக்கிறது. அந்தப் பிரிவு தடைக்குச் சக்கரம் இருக்கிறதா என்று கேட்பதில்லை.