மக்காச்சோள அறுவடை: அமெரிக்க நடுமேற்கின் குடும்பப் பண்ணைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்கில் அயோவா, இல்லினாய், இந்தியானா, நெப்ராஸ்கா, மினசோட்டா முதலிய மாநிலங்களில் பரந்துள்ள வேளாண் பகுதி ‘மக்காச்சோள மண்டலம்’ எனப்படுகிறது. இங்குள்ள பண்ணைகளில் பெரும்பாலானவற்றை இன்றும் குடும்பங்களே சொந்தமாகவோ குத்தகைக்கு எடுத்தோ நடத்துகின்றன. இலையுதிர் காலத்தில் நடக்கும் மக்காச்சோள அறுவடைதான் அக்குடும்பங்களின் ஆண்டு வருமானத்தையும், வங்கிக் கடன் அடையுமா என்பதையும் தீர்மானிக்கிறது. அந்த அறுவடைக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு நூறாண்டுக்குள் தலைகீழானது. 1930 வாக்கில் 100 புஷல் மக்காச்சோளம் விளைவிக்க 15 முதல் 20 மணி நேர மனித உழைப்பு தேவைப்பட்டது. 1987-இல் 3 மணி நேரத்துக்கும் குறைவாகவே தேவைப்பட்டது. (ஒரு புஷல் மக்காச்சோள மணி என்பது சுமார் 25.4 கிலோ.) இந்த மாற்றம் உழவரின் முதுகுவலியைக் குறைத்தது, பக்கத்துப் பண்ணையில் குடியிருந்தவர்களின் எண்ணிக்கையையும் குறைத்தது.

கையால் ஒடித்த காலம்

மக்காச்சோளம் ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் தென் மெக்சிகோவில் டியோசின்டே என்னும் காட்டுப்புல்லிலிருந்து மனிதரால் உருவாக்கப்பட்ட பயிர். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வட அமெரிக்கப் பழங்குடியினர் அதைப் பயிரிட்டனர். ஹிடாட்சா போன்ற இனங்களில் விதைப்பு முதல் அறுவடை வரை பெண்களின் பொறுப்பு. கதிர் உறையைக் கிழிக்க அவர்கள் பயன்படுத்திய எலும்பு, மர முட்கள்தாம் பின்னர் குடியேறிய வெள்ளையர் கையில் இரும்புக் கொக்கியாக மாறின. 19ஆம் நூற்றாண்டில் நிலம் பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்டு 160 ஏக்கர் துண்டுகளாகக் குடியேறிகளுக்குப் பிரித்துத் தரப்பட்டபோது, பயிருடன் கருவியும் கைமாறியது.

கிழக்கு மாநிலங்களில் தட்டையை அறுத்துக் கட்டுக்கட்டாக நிறுத்தி, பின் களஞ்சியத்தில் கூடி உறை உரிப்பது வழக்கம். சிவப்புக் கதிர் கிடைத்த இளைஞன் தான் விரும்பும் பெண்ணிடம் ஒரு முத்தம் கேட்கலாம் என்ற நாட்டார் வழக்கு அந்தக் கூடுகைகளுக்கு உரியது. நடுமேற்கின் விரிந்த வயல்களில் இதற்கு நேரமில்லை. அங்கே நிற்கும் செடியிலிருந்தே கதிர் ஒடிக்கப்பட்டது.

ஒடிப்பவர் உள்ளங்கையில் தோல்வாரால் கொக்கியைக் கட்டிக்கொள்வார். இடக்கையால் கதிரைப் பிடித்து, வலக்கைக் கொக்கியால் உறையைக் கிழித்து, கதிரை முறித்து, பார்க்காமலேயே பக்கத்தில் நிற்கும் வண்டியில் எறிவார். வண்டியின் மறுபக்கத்தில் உயரமான பலகை ஒன்று நிறுத்தப்பட்டிருக்கும்; கதிர் அதில் மோதி உள்ளே விழும். குதிரைகளுக்குக் கடிவாளம் பிடிக்க ஆள் கிடையாது. குரல் கேட்டு நகரவும் நிற்கவும் அவை பழகியிருந்தன. விடிவதற்கு முன்பே வயலில் இறங்கினால் பலகையில் கதிர் மோதும் ஓசை அடுத்த பண்ணைக்குக் கேட்கும். யார் முதலில் தொடங்கினார் என்பது அண்டை வீட்டாருக்குள் ஒரு சொல்லப்படாத போட்டி.

திறமையானவர் ஒரு நாளில் 80 முதல் 100 புஷல் ஒடிப்பார். அதாவது ஏறத்தாழ 8000 கதிர்கள். ஏக்கருக்கு 40 புஷல் விளைந்த 60 ஏக்கர் வயல் என்றால் ஒருவருக்கு முப்பது நாள் வேலை. மழையும் பனியும் குறுக்கிட்டால் கிறிஸ்துமஸ் வரை இழுக்கும். உறைபனி படிந்த கதிர் கையுறையை நனைத்துக் கிழிக்கும். ஆகவே இரண்டு கட்டைவிரல் வைத்துத் தைத்த கையுறைகள் விற்றன. ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். மகன்கள் பள்ளிக்குப் போகாமல் வயலுக்குப் போனார்கள். கூலியாட்களுக்குப் புஷல் கணக்கில் கூலி. பெண்கள் சமைத்தார்கள் என்று மட்டும் எழுதும் வழக்கம் உண்டு. பல வீடுகளில் அவர்களும் சால் பிடித்து ஒடித்தார்கள்.

ஒடித்த கதிர்கள் இடைவெளி விட்டுப் பலகை அடித்த குறுகலான கிடங்கில் சேர்க்கப்பட்டன. காற்று ஊடுருவிக் கதிரை உலர்த்துவதே அதன் அமைப்பு. தமிழக உழவர்கள் சின்ன வெங்காயத்துக்குப் போடும் பட்டறையின் தத்துவமும் இதுவே. குளிர்காலத்திலோ வசந்தத்திலோ மணி உதிர்க்கும் பொறி வரும்போது அண்டை வீட்டார் திரண்டு வந்து உதவுவர். எஞ்சும் சக்கைகள் சமையலறை அடுப்புக்குப் போகும். மணியின் பெரும்பகுதி விற்பனைக்கல்ல, பண்ணையின் பன்றிகளுக்கும் மாடுகளுக்கும் குதிரைகளுக்கும். 1932-33 குளிர்காலத்தில் விலை அதலபாதாளத்துக்குப் போனபோது, நிலக்கரி வாங்குவதைவிட மலிவு என்று மக்காச்சோளத்தையே அடுப்பில் இட்டு எரித்த குடும்பங்கள் உண்டு.

வாலஸ்: போட்டியும் விதையும்

இந்த வரலாற்றில் ஹென்றி ஏ. வாலஸின் இடம் விசித்திரமானது. அயோவாவில் குடும்பப் பத்திரிகையான ‘வாலசஸ் ஃபார்மர்’ இதழின் ஆசிரியராக இருந்த அவர், கதிர் ஒடிப்பதை ஒரு விளையாட்டுப் போட்டியாக்கும் யோசனையை 1922-இல் முன்வைத்தார். 1924 முதல் மாநிலங்களுக்கிடையிலான போட்டி ஆண்டுதோறும் நடந்தது. கால அளவு 80 நிமிடம். வண்டிக்குப் பின்னால் ஆட்கள் வந்து, விடுபட்ட கதிர்களைப் பொறுக்கி எடைபோட்டு, அதற்கேற்ப மதிப்பெண் குறைப்பார்கள். கதிரில் உறை மிச்சமிருந்தாலும் கழிவு உண்டு. 1930-களில் இப்போட்டிகளைக் காண ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வயல்வெளிகளில் கூடினர். 1940-இல் அயோவாவின் டேவன்போர்ட் அருகே வென்ற இல்லினாய் வீரர் 80 நிமிடத்தில் 46 புஷலுக்கும் மேல் ஒடித்தார். ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஒரு கதிர். மொத்தம் ஒன்றரை டன்னுக்கு நெருக்கம். அடுத்த ஆண்டுப் போட்டியுடன், போரின் காரணமாக, தேசியப் போட்டிகள் நின்றன.

போர் இல்லாவிட்டாலும் அவை நெடுநாள் நீடித்திருக்காது. காரணம், அதே வாலஸ். கலப்பின மக்காச்சோள விதையை விற்க 1926-இல் அவர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் ‘பயனியர்’ என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது அதுவே. 1930-களின் தொடக்கத்தில் அயோவாவில் கலப்பின விதை அரிது. 1934, 1936 வறட்சிகளில் அது பழைய ரகங்களைவிடத் தாக்குப்பிடித்ததை உழவர்கள் கண்ணால் பார்த்தனர். 1940-களின் தொடக்கத்தில் மாநிலத்தின் ஏறத்தாழ எல்லா வயல்களிலும் அதுதான். வாலஸ் இதற்குள் வேளாண் அமைச்சராகி (1933–1940), பின் துணைக் குடியரசுத் தலைவரும் ஆகியிருந்தார்.

கலப்பின விதை விளைச்சலைக் கூட்டியது என்பது எல்லோரும் சொல்வது. அறுவடையைப் பொறுத்தவரை அதைவிட முக்கியம் அதன் தண்டு. பழைய ரகங்கள் இலையுதிர் காலக் காற்றில் சாயும். மனிதக் கை குனிந்து எடுத்துவிடும், இயந்திரத்தால் முடியாது. கலப்பினச் செடிகள் நிமிர்ந்து நின்றன, ஒரே உயரத்தில் கதிர் தாங்கின. 1850-இலேயே காப்புரிமை பெற்றிருந்தும் பல பத்தாண்டுகள் பெரிதும் பயன்படாமல் கிடந்த கதிர் ஒடிக்கும் பொறிக்கு ஏற்ற செடி அப்போதுதான் கிடைத்தது. கையால் ஒடிப்பவரை நாயகனாக்கியவரே அவரை வேலையிலிருந்து நீக்கும் செடியையும் பரப்பினார் என்பது திட்டமிட்ட முரணல்ல, ஆனால் முரண்தான்.

உருளைகள் கேட்ட விலை

டிராக்டரால் இயங்கிய கதிர் ஒடிக்கும் பொறி 1940-களில் வேகமாகப் பரவியது. இளைஞர்கள் போர்முனைக்குப் போய்விட, ஆள் கிடைக்காத பண்ணைகள் அதை வரவேற்றன. இரண்டு சுழலும் உருளைகள் தட்டையைக் கீழ்நோக்கி இழுக்கும். கதிர் மட்டும் மேலே தங்கி முறியும். முப்பது நாள் வேலை சில நாட்களில் முடிந்தது.

தட்டை ஈரமாக இருந்தால் உருளைகளுக்கிடையில் அடைத்துக்கொள்ளும். டிராக்டரை நிறுத்தி, இறங்கி, அடைப்பை எடுத்து, மீண்டும் கிளப்புவது முறை. ஒரு நாளில் இருபது முறை அடைத்தால் இருபது முறையும் நிறுத்த யாருக்குப் பொறுமை இருக்கும்? பொறி ஓடும்போதே தட்டையைப் பிடித்து இழுத்தவர்கள் பலர். உருளை தட்டையைத் திடீரென விழுங்கும்போது பிடித்த கை அதை விடுவதற்கு நேரம் போதாது. விரல், கை, சில நேரம் தோள்வரை போயிற்று. அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடுமேற்கு மருத்துவமனைகளுக்கு இத்தகைய காயங்கள் வந்துகொண்டே இருந்தன. பனிக்கு முன் முடிக்கவேண்டும் என்ற அவசரமும், தனியாக வேலை செய்ததும் இதற்கு அடிப்படை. முன்பு வயலில் நான்கு பேர் இருந்தார்கள். இப்போது கூப்பிட்டால் கேட்க ஆளில்லை.

கம்பைன் வந்த பிறகு

1954-இல் ஜான் டியர் நிறுவனம் தன் கம்பைன் அறுவடை இயந்திரத்தின் முன்பகுதியில் பொருத்தக்கூடிய, இரண்டு வரிசைகளை ஒடிக்கும் மக்காச்சோளத் தலையை அறிமுகப்படுத்தியது. கதிர் ஒடிப்பதும் மணி உதிர்ப்பதும் வயலிலேயே ஒரே ஓட்டத்தில் முடிந்தன. கதிராகச் சேமிக்கும் தேவை போயிற்று. அதோடு காற்றோட்டக் கிடங்கு, மணி உதிர்க்க அண்டை வீட்டார் கூடும் நாள், அடுப்புக்குச் சக்கை எல்லாம் போயின. இன்றும் அயோவா சாலையோரங்களில் சாய்ந்து நிற்கும் பழைய கிடங்குகளைக் காணலாம்.

ஆனால் காற்று செய்த வேலையை இனி யாராவது செய்யவேண்டும். கம்பைன் பெரும்பாலும் 20 முதல் 25 விழுக்காடு ஈரத்தில் அறுக்கும். சேமிக்க அது 15 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே இறங்கவேண்டும். காத்திருந்தால் வயலிலேயே இலவசமாகக் காயும், ஆனால் தண்டு அழுகிச் சாயும், கதிர் உதிரும். காத்திருக்காவிட்டால் எரிவாயுச் செலவு. ஒவ்வோர் ஆண்டும் உழவர் நின்று தவிக்கும் இடம் இதுவே. ஈரமான 2019 இலையுதிர் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் உலர்த்த முனைந்ததால் நடுமேற்கில் புரொப்பேன் தட்டுப்பாடே ஏற்பட்டது. இழப்பை அளக்க உழவர்களிடம் ஓர் எளிய கணக்கு உண்டு: அறுத்த வயலில் ஒரு சதுர அடிக்கு இரண்டு மணி சிந்திக் கிடந்தால் ஏக்கருக்கு ஒரு புஷல் போயிற்று.

உலர்ந்த மணி உருண்டையான எஃகுக் குதிர்களுக்குப் போனது. ஆபத்தும் அங்கே இடம்பெயர்ந்தது. பூஞ்சை பிடித்துக் கட்டியான மணியைக் கலைக்கக் குதிருக்குள் இறங்குபவரை, அடியிலிருந்து மணி வெளியேறும்போது புதைமணல்போல் அது உள்ளிழுக்கும். பர்டியூ பல்கலைக்கழகம் இவ்விபத்துகளைப் பல பத்தாண்டுகளாகத் தொகுத்துவருகிறது. ஈர அறுவடைக்குப் பின்வந்த 2010-இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாயின.

இயந்திரம் விலை உயர்ந்தது. அந்த விலையைப் பரப்பிச் செலுத்தக் கூடுதல் நிலம் வேண்டும். கூடுதல் நிலம் என்றால் பக்கத்துக் குடும்பத்தின் நிலம். 1972-இல் சோவியத் ஒன்றியம் பெருமளவில் தானியம் வாங்கியபின் மக்காச்சோள விலை இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. வேலியோரம் வரை விதையுங்கள் என்று அரசே ஊக்குவித்தது. வங்கிகள் நிலத்தின் மதிப்பை நம்பிக் கடன் கொடுத்தன. 1980 ஜனவரியில் சோவியத்துக்கான தானிய ஏற்றுமதிக்குத் தடை வந்தது. வட்டி விகிதம் ஏறியது. அயோவாவில் 1981-இல் ஏக்கர் 2,147 டாலராக இருந்த சராசரி நில மதிப்பு 1986-இல் 787 டாலருக்கு விழுந்தது. விளைச்சல் குறையவில்லை, நன்றாக விளைவித்தவர்களே நிலம் இழந்தார்கள். தந்தை கையால் ஒடித்த வயலை மகன் ஏலத்தில் விட்ட காலம் அது. 1935-இல் 68 லட்சமாக இருந்த அமெரிக்கப் பண்ணைகளின் எண்ணிக்கை 2022-இல் 19 லட்சம். தேசியச் சராசரி விளைச்சலோ, 1930-களில் ஏக்கருக்கு 25 புஷலை ஒட்டி இருந்தது, 2023-இல் சுமார் 177.

இன்றைய அறுவடை

இன்று ஒரு நடுத்தரக் குடும்பப் பண்ணையில் கம்பைனில் ஒருவர், மணியை ஓட்டத்திலேயே வாங்கிக்கொள்ளும் வண்டியை இழுக்கும் டிராக்டரில் ஒருவர், லாரியில் ஒருவர் இருந்தால் நூற்றுக்கணக்கான ஏக்கர் அறுவடையாகும். பெரும்பாலும் அது தந்தை, மகள் அல்லது மகன், ஓய்வுபெற்ற தாத்தா என்ற கூட்டணி. அறுவடைப் பருவத்தில் ஒருவர் நோயுற்றாலோ இறந்தாலோ சுற்றுவட்டாரத்துக் கம்பைன்கள் சொல்லாமலேயே அவர் வயலில் வந்து இறங்குவது இன்னும் வழக்கில் உள்ளது.

2020 ஆகஸ்ட் 10 அன்று ‘டெரேச்சோ’ எனப்படும் நேர்கோட்டுப் புயல் அயோவாவின் குறுக்கே வீசி, லட்சக்கணக்கான ஏக்கர் மக்காச்சோளத்தைத் தரையோடு படுக்க வைத்தது. பல வயல்களை அறுக்காமலே உழுதுவிட்டனர். அறுத்தவர்கள், சாய்ந்த திசைக்கு எதிராக மட்டும் கம்பைனை நடைவேகத்தில் ஓட்டி, திரும்பும்போது வெறுமனே வந்து, மீண்டும் எதிர்த்திசையில் தொடங்கினர். எட்டு, பன்னிரண்டு வரிசைத் தலைகளும் அங்கே பெரிய உதவியாக இல்லை. எடுக்க முடியாமல் விடுபட்ட கதிர்கள் அடுத்த வசந்தத்தில் சோயா வயல்களில் கொத்துக்கொத்தாக முளைத்தன.