பீப் ஒலியும் குண்டு பல்பும்

வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறதா என்று பார்க்க நம் ஊர் எலக்ட்ரீஷியன்களிடம் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து இரு முனைகளையும் தொட்டு, பீப் வருகிறதா என்று கேட்பது. மற்றது, மோட்டார் வைண்டிங் கடைகளில் பலகையில் மாட்டியிருக்கும் சீரிஸ் லேம்ப். பேஸ் வயர் ஒரு குண்டு பல்பு வழியாக வந்து ஒரு முனையாக நிற்கும், நியூட்ரல் மறுமுனை. சோதிக்கும் பொருளை நடுவில் வைக்கிறோம். பாதை இருந்தால் பல்பு எரியும். இளைஞர்கள் இந்தப் பல்பைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மூத்த மிஸ்திரிகள் மீட்டரை நம்ப மறுக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று இரு தரப்பும் நினைப்பதால் வரும் தகராறு இது.

கணக்கைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மீட்டர் தன் பேட்டரியிலிருந்து ஓரிரு வோல்ட்டைத்தான் முனைகளுக்கு அனுப்புகிறது. ஓடும் கரண்ட் ஒரு மில்லிஆம்பியர் அளவில் இருக்கும். சீரிஸ் லேம்ப் 230 வோல்ட்டை அப்படியே நீட்டுகிறது. 100 வாட் பல்பு என்றால் 0.43 ஆம்பியர் வரை ஓடும். ஏறக்குறைய நானூறு மடங்கு. ஆகவே மீட்டர் பாதை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறது. பல்பு அந்தப் பாதையில் கொஞ்சம் சுமையை ஏற்றி அனுப்புகிறது.

மீட்டரில் பெரும்பாலோர் ஏமாறுவது அந்தச் சத்தத்தில்தான். எதிர்ப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் மட்டுமே அது ஒலிக்கும். அந்த அளவு மீட்டருக்கு மீட்டர் மாறும். சிலவற்றில் 30 ஓம், சிலவற்றில் 50, சிலவற்றில் அதற்கும் மேல். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் எலிமென்ட் சுமார் 53 ஓம். ஒரு மீட்டர் அதைக் கண்டு கத்தும். இன்னொன்று வாய் திறக்காது. நூற்றுக்கணக்கான ஓம் உள்ள சீலிங் ஃபேன் காயிலுக்குப் பெரும்பாலான மீட்டர்கள் மௌனம்தான். மௌனத்தைக் கேட்டு, நல்ல ஃபேனை “காயில் போச்சு” என்று ஓரங்கட்டுகிறவர்கள் உண்டு. சீரிஸ் லேம்ப்பில் அதே காயிலை வைத்தால் பல்பு மங்கலாக எரிந்து, பாதை உண்டு என்று சொல்லிவிடும்.

1923-இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்டு மெக்காடி உருவாக்கிய ஏவோ மீட்டரில் ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் முள்ளைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். பின்னால் வந்த பஸர் வேலையைச் சுலபமாக்கியது. கூடவே எண்ணைப் படிக்கும் பழக்கத்தையும் கெடுத்தது. இது என் மனக்குறை.

எண் என்று வந்தால் பல்பு தோற்றுவிடும். 53 ஓம் எலிமென்ட்டும் நேரடி ஷார்ட்டும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் பல்பு நன்றாகவே எரியும். கருகிப்போன சுவிட்ச் ஒன்றின் தொடர்பில் 5 ஓம் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்பின் வெளிச்சத்தில் குறை எதுவும் தெரியாது. அந்தச் சுவிட்சில் 5 ஆம்பியர் ஓடினால் உள்ளே 125 வாட் சூடு கிளம்பும், பிளாஸ்டிக் உருகிவிடும். ஓம் ரேஞ்சில் மீட்டரை வைத்தால் அந்த 5 திரையில் நிற்கும். இன்னொரு பக்கம், தொடர்பின் மேல் மெல்லிய துரு படிந்திருந்தால் மீட்டரின் இரண்டு வோல்ட் அதைத் தாண்டாமல் “பாதை இல்லை” என்று காட்டலாம். 230 வோல்ட் அதை உடைத்துக்கொண்டு போய்ப் பல்பை எரித்துவிடும். இரண்டு கருவியும் எதிரெதிராகச் சாட்சி சொன்னால், சந்தேகப்பட வேண்டியது அந்தத் தொடர்பை.

பல இழை வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தால் இரண்டுமே தோற்கும். மீட்டர் கத்தும், பல்பு எரியும், கீசரைப் போட்டதும் வயர் கருகும். அங்கே வயரை விரலால் அமுக்கி, வளைத்துப் பார்ப்பதே உதவும்.

பல்பு தனித்து ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: வீட்டில் ஃபியூஸ் மறுபடி மறுபடி போவது. எல்லா லோடையும் அணைக்காமல் மீட்டரை வைத்தால், குளிர்ந்த குண்டு பல்பின் இழையே சில பத்து ஓம்தான் என்பதால் ஷார்ட் என்று பொய்யாக பீப் அடிக்கும். விவரமான மிஸ்திரி ஃபியூஸ் இருக்குமிடத்தில் சீரிஸ் பல்பைக் கொடுத்து, ஒவ்வொரு சர்க்யூட்டாகக் கழற்றுவார். முழு வெளிச்சத்தில் எரியும் பல்பு எதைக் கழற்றியதும் மங்குகிறதோ, அதில்தான் பழுது. ஃபியூஸைக் கட்டிக் கட்டிக் கருக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனாலும் சீரிஸ் லேம்ப்பின் முனை உயிருள்ள பேஸ். ஈரக் கையில் பிடித்தால் ஆளையே கொல்லும். எலக்ட்ரானிக் போர்டில் வைத்தால் போர்டு காலி. எல்இடி பல்பை மாட்டி இந்த வித்தையைச் செய்யவும் முடியாது, அது நூலளவு கசிவுக்கே மினுக்கும். குண்டு பல்போ கடைகளில் அரிதாகி வருகிறது. மீட்டரில் இந்த ஆபத்து இல்லை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கெபாசிட்டரில் தங்கியதை இறக்கிவிட்டுத் தொட்டால். மின்சாரம் இருக்கையில் கன்டினியூட்டியில் தொட்டால், மலிவு மீட்டர் முதலில் போகும்.

மோட்டாரின் பாடியில் ஷாக் அடிக்கிறது என்றால் இரண்டையும் மூட்டை கட்டிவிடலாம். இன்சுலேஷன் கசிவைக் காட்ட 500 வோல்ட்டில் சோதிக்கும் மெகர் என்ற கருவி வேண்டும். மெகாஓம் கணக்கிலான கசிவில் பல்பு எரியாது. மீட்டரின் சில வோல்ட்டும் அதை நம்பிச் சொல்லப் போதாது.

வீட்டுக்கு ஒரு கருவி என்றால் மல்டிமீட்டரே வாங்குங்கள். தொடங்குமுன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு அது கத்துகிறதா என்று பாருங்கள். கத்தாத இடத்தில் ஓம் ரேஞ்சுக்கு மாற்றி எண்ணைப் படியுங்கள். சீரிஸ் லேம்ப்பை வைண்டிங் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.