அரண்மனை பேண்டில் ஒலித்த சாக்ஸபோன்

தசரா நாளில் மைசூரு அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் நோக்கிப் புறப்படும் யானை ஊர்வலம், மண்டி மொஹல்லாவை ஒட்டிய சயாஜி ராவ் சாலை வழியே செல்கிறது. கூடவே பேண்டு வாத்தியமும் வரும். கருநாடக இசையையும் மேலை இசையையும் ஒருசேரப் பேணிய மைசூரு அரண்மனையின் கொடை அது. ஆனால் பேண்டு இசையை ஊர்வலத்தின் ஆரவாரமாகவே கருதிக் கடந்துபோவது நம் இசை வரலாற்றாசிரியர்களின் வழக்கம். அப்படிக் கடக்க முடியாத சான்று ஒன்று உண்டு.

கத்ரி கோபால்நாத் 1949இல் தென் கன்னட மாவட்டத்தில், நாதஸ்வரக் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் மைசூரு அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு, அதையே தம் வாத்தியமாக வரித்துக்கொண்டார். நாதஸ்வரம் போல அதுவும் சீவாளியால் ஒலிப்பது. திறந்த வெளியை நிறைப்பது. ஆனால் நாதஸ்வரத்தின் துளைகளை விரல் நேரே தொடுகிறது. சாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் இடையே சாவிகள் நிற்கின்றன. கமகத்தை உதட்டாலும் மூச்சாலும் வரவழைக்க வேண்டும். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்று, நெடுங்காலச் சாதகத்தால் அதை அவர் வசப்படுத்தினார்.

இதே பயணத்தைச் சாக்ஸபோன் அமெரிக்காவில் முன்பே மேற்கொண்டிருந்தது. அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற இவ்வாத்தியத்தை முதலில் பேணியவை ராணுவ பேண்டுகளே. ஜாஸும் நியூ ஆர்லியன்ஸ் வீதி ஊர்வலங்களில் வளர்ந்த இசைதான். 1925இல் சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங் ஐவர் குழுவோடு இசைத்தட்டுகள் பதியத் தொடங்கியபின், தனிக் கலைஞரின் கற்பனை முன்னுக்கு வந்தது. 1939இல் கோல்மன் ஹாக்கின்ஸ் ஒரு காதல் பாடலின் மெட்டைச் சற்றே தொட்டுவிட்டு, எஞ்சிய நேரமெல்லாம் மனோதர்மமாகவே வாசித்தார். சார்லி பார்க்கரின் ஐவர் குழுவும் ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழுவும் அவ்வழியில் வந்தவை.

குழு ஏன் சிறிதாக இருக்க வேண்டும்? பதினைந்து பேர் சேர்ந்து வாசித்தால் பெரும்பகுதியை முன்கூட்டியே எழுதிவைத்தாக வேண்டும். நால்வர் மட்டும் இருந்தால் ஒருவரை ஒருவர் கேட்டு, அந்தக் கணத்திலேயே விடையிறுக்கலாம்.

கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு இது அந்நியமன்று. மெட்டை முதலில் நிறுவி, பின் முறைவைத்துக் கற்பனையை விரித்து, மெட்டுக்கே மீள்வது, பல்லவியையும் கற்பனை ஸ்வரத்தையும் நினைவூட்டும். டிரம்ஸின் தனி வாசிப்பு தனி ஆவர்த்தனத்தின் உறவு. வேறுபாடு ஒன்றே பெரிது: கச்சேரியில் சுருதி அசையாது நிற்க, ராகம் விரிகிறது; ஜாஸில் ஸ்வரக்கோவைகள் காலடியில் மாறிக்கொண்டே இருக்க, அவற்றோடு இசைந்து கற்பனை செய்ய வேண்டும். 1960களில் கோல்ட்ரேன் அம்மாற்றங்களைக் குறைத்து ஒரே ஸ்வரத்தொகுதியில் நெடுநேரம் நின்றபோது, அந்த இடைவெளியும் குறுகியது. ரவிசங்கரின் இசையில் ஈடுபட்ட அவர் தம் மகனுக்கு ரவி என்றே பெயரிட்டார்.

1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் கோபால்நாத்தைக் கேட்ட அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹேண்டி, அவருடன் சேர்ந்து வாசிக்க விரும்பினார். 2008இல் வெளிவந்த ‘கின்ஸ்மென்’ இசைத்தொகுப்பில், கன்னட வேர்களையுடைய அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் கோபால்நாத்தும் இரு சாக்ஸபோன்களில் உரையாடுகின்றனர். உடன் ஏ. கன்யாகுமரியின் வயலின், மிருதங்கம், கிட்டார், பாஸ், டிரம்ஸ். ‘உறவினர்’ என்ற பொருள்படும் அத்தலைப்பு வெறும் அலங்காரமன்று.

2019இல் கோபால்நாத் மறைந்தபோது, அந்நிய வாத்தியத்தை நமதாக்கியவர் என்று அவரைப் புகழ்ந்தனர். அது பாதி உண்மை. அவர் செவியை எட்டும் முன்பே அரண்மனை பேண்டின் பெயரறியாக் கலைஞர்கள் அதை நம் மண்ணில் ஒலிக்கச் செய்திருந்தனர். வீதி ஊர்வலத்தை விலக்கிவிட்டு ஜாஸின் வரலாற்றை எழுத முடியாது. கருநாடக சாக்ஸபோனின் வரலாற்றையும் எழுத முடியாது.