ஒளியை ஆண்ட கைகள்

ஒளி வானுலகம் வழங்கும் வரம் என்று நம்பிய காலம் ஒன்றிருந்தது. நாடக மேடையிலோ அந்த நம்பிக்கை ஒருநாளும் செல்லுபடியானதில்லை. அங்கே காலைக் கதிரும் மாலை மயக்கமும், மின்னலும் நிலவும் மனிதனின் விரல் நுனியில் பிறந்தவை. விரலுக்குரியவன் திரைக்குப் பின்னே நின்றான். வியந்தவர்களோ அவனை மறந்தனர். அவன் வரலாற்றை நாம் அறிய வேண்டாமா?

மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் ஆண்ட மேடைக்கு, இலண்டனில் 1817இல் எரிவாயு வந்தது. டிரூரி லேன், லைசியம் அரங்குகள் அதனை ஏற்றன. மேடையின் முன்விளிம்பு, பக்கம், மேற்புறம் ஆகியவற்றுக்குச் செல்லும் குழாய்களின் திருகுகள் நாளடைவில் ஓரிடத்தில் கூட்டப்பட்டன. ஒரு திருகை மெல்ல மூடினால் மாலை. மெல்லத் திறந்தால் விடியல். இன்றைய ஒளிக்கட்டுப்பாட்டு மேசையின் பாட்டனார் அந்தத் திருகு மேசைதான்.

ஆனால், அந்த அழகுக்கு விலை உயிர். 1862இல் பாரிசு ஆப்பெராவின் ஒத்திகையில் எம்மா லிவ்ரி என்னும் இளம் நடனமணியின் உடையில் எரிவாயு விளக்கின் தீ பற்றியது. எட்டுத் திங்கள் துடித்து, 1863இல் இறந்தார். துணியில் தீப்பற்றாதிருக்க வழி அன்றே இருந்தது. அது துணியின் பொலிவைக் கெடுக்கும் என்பதால் அவர் அதனை ஏற்கவில்லை. ஆடும் பெண்ணுக்கு உயிரைவிட அழகே பெரிது என்று கற்பித்து வைத்த உலகம், அந்தச் சாவில் பங்கில்லை என்று கைகழுவ முடியுமா?

அடுத்து, வியன்னா. 1881 டிசம்பர் 8. ரிங் தியேட்டரில் ஆட்டம் தொடங்குமுன், மேடையின் எரிவாயு விளக்குகளை ஏற்றும்போது தீ மூண்டது. வெடித்துவிடுமோ என்று அஞ்சி எரிவாயுவை நிறுத்தினர்; அரங்கு இருண்டது. இருளில் வழிகாட்ட வேண்டிய எண்ணெய் விளக்குகள் ஏற்றப்படவேயில்லை. கதவுகளோ உட்புறமாகத் திறப்பவை. முண்டியடித்த கூட்டமே அவற்றை மூடிவிட்டது. அனைவரும் மீட்கப்பட்டனர் என்று காவல் அதிகாரி வெளியே அறிவித்துக்கொண்டிருக்க, உள்ளே மக்கள் மாண்டுகொண்டிருந்தனர். அரசுக் கணக்கின்படியே மாண்டவர் 384 பேர்!

விதி என்பர் வைதிகர். விதியா கதவை உட்புறமாகத் திறக்கும்படி அமைத்தது? விதியா விளக்கை ஏற்றாமல் விட்டது? தலையெழுத்தென்று தலைகுனிந்திருந்தால் இன்னும் பல அரங்குகள் எரிந்திருக்கும். காரணம் கேட்டனர், கண்டனர். மேடைக்கும் அவைக்கும் நடுவே இரும்புத் திரை வந்தது. வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகள் வந்தன. தீ நடந்த மறுநாளே வியன்னாவில் தன்னார்வ மீட்புச் சங்கம் பிறந்தது. பரிகாரம் என்றால் இதுவன்றோ பரிகாரம்!

அதே டிசம்பர் 28. இலண்டன் சவாய் அரங்கின் மேடை மின்னொளியில் மிளிர்ந்தது. அக்டோபர் 10இல் திறந்தபோதே பார்வையாளர் பகுதிக்கு மின்விளக்கு வந்துவிட்டது. மேடைக்கு இப்போது வந்தது. ஜோசப் சுவானின் விளக்குகள் ஏறத்தாழ 1,200. மக்களின் அச்சம் போக்க, உரிமையாளர் டாய்லி கார்ட் வேதம் ஓதவில்லை. எரிந்துகொண்டிருந்த விளக்கொன்றை அவர்கள் கண்முன்னே உடைத்துக் காட்டினார். தீ பரவவில்லை. ஆயிரம் அருளுரை செய்யாததை ஓர் ஆய்வு செய்தது!

பிறகு வளர்ச்சி விரைந்தது. 1935இல் ஃபிரெட் பென்தம், இசைக்கருவியான ஆர்கனின் விசைப்பலகையைக் கொண்டே ஒளிமேசை அமைத்தார். அடுத்து வந்தது இரட்டை வரிசை மேசை. ஒரு வரிசைப் பிடிகள் நடக்கும் காட்சியை ஆளும். அந்நேரமே அடுத்த காட்சியின் அளவுகளை மறு வரிசையில் லைட்மேன் அமைத்துவிடுவார். குறிப்பு வந்ததும் ஒரு தலைப்பிடி இறங்கும், மற்றது ஏறும். பகல் இரவாகும். கண் மேடையிலும், காது வசனத்திலும், கை பிடியிலும் இருக்க வேண்டிய வேலை அது. அரை நொடி பிந்தினால் இறந்தவன் எழுந்து நடப்பதை அவை கண்டுவிடும்!

1975இல், பிராட்வேயின் 'எ கோரஸ் லைன்' நாடகத்துக்கு, காட்சி அளவுகளை நினைவில் கொள்ளும் கணினி மேசையைக் கொண்டுவந்தவர் ஒரு பெண் — தாரன் மசர். 1986இல் டி.எம்.எக்ஸ். 512 என்னும் பொதுமுறை வந்தது. ஒரே கம்பிவடத்தில் 512 தடங்கள். ஒவ்வொன்றிலும் 256 படிகள். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே மொழி பேசலாயின. அளவுகளைப் பொறி நினைவில் வைக்கிறது. எந்தக் கணத்தில் இருள வேண்டும் என்று துணிவது இன்றும் மனிதனே.

தோழர்களே! கருத்தைப் பரப்ப மேடை அமைப்பவர் நாம். வெளியேறும் வழி திறந்திருக்கிறதா, மின்கம்பியின் உறை கிழிந்திருக்கிறதா என்று திரை விலகுமுன் பார்ப்பது பகுத்தறிவின் முதற்பாடம். ஒளிமேசையில் அமர்பவரின் பெயரை நடிகர் பெயரோடு சேர்த்து அறிவிப்பது சமத்துவத்தின் முதற்பாடம். மூளையுழைப்பு மேல், கையுழைப்பு கீழ் என்ற பழைய பொய்யை மேடையிலே சாடிவிட்டு, மேடைக்குப் பின்னே அதனைப் போற்றலாமோ?