ஒலிம்பியாவில் விழுந்த குண்டு

கதை எழுதுகிறவர்களுக்கு ஓர் அசட்டு நம்பிக்கை உண்டு. 'சுபம்' என்று போட்டுவிட்டால் கதை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கொள்வோம். உக்ரேன் தேசத்து யூரி பிலோனோக்கின் சரித்திரத்தைப் படித்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

சூமி மாகாணத்துப் பிலோபில்லியா என்ற சிற்றூரில் 1974-ல் பிறந்தவர் அவர். குண்டு எறிவதில் சூரர். ஏழடி அகல வட்டத்துக்குள் நின்றுகொண்டு, 7.26 கிலோ எடையுள்ள குண்டைக் கழுத்தோடு அணைத்துத் தோளிலிருந்து தள்ள வேண்டும். கால் வெளியே பட்டுவிட்டால் அந்த எறி கணக்கில் சேராது. 1997-ல் பாரிஸில் உள்ளரங்க உலகப் பட்டமும், 2002-ல் மியூனிக்கில் ஐரோப்பியப் பட்டமும் அவருக்குக் கிடைத்தன.

பிறகு 2004, ஆகஸ்ட் 18. ஆதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்த ஒரு போட்டியை மட்டும் பழைய ஒலிம்பியா மைதானத்திலேயே நடத்தினார்கள். ஜனங்கள் புல்மேட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். அமெரிக்கர் ஆடம் நெல்சன் முதல் எறியிலேயே 21.16 மீட்டர் எட்டிவிட்டார். அதன் பின் அவர் எறிந்ததெல்லாம் தவறு! பிலோனோக்கோ தமது கடைசி எறியில் அதே 21.16-ஐத் தொட்டார். சமம் என்றால் இரண்டாவது சிறந்த எறியைப் பார்ப்பது விதி. நெல்சனிடம் இரண்டாவது எறி என்று ஒன்று இருந்தால்தானே? அவருடைய கடைசி முயற்சியிலும் கால் தவறியது. தங்கம் உக்ரேனுக்குப் போயிற்று.

நானாக இருந்தால் இங்கேயே பேனாவை மூடியிருப்பேன். விதி மூடவில்லை. அன்று குற்றமற்றதென்று தேறிய சிறுநீர் மாதிரியை 2012-ல் மறுபடி சோதித்தார்கள். ஆக்ஸாண்ட்ரோலோன் என்ற மருந்தின் தடயம் அகப்பட்டது. அந்த டிசம்பரில் ஒலிம்பிக் குழு தங்கத்தைப் பறித்தது. 2013-ல், அட்லாண்டா விமான நிலையத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நெல்சன் அதைப் பெற்றுக்கொண்டார். அங்கே கீதம் இல்லை, கொடியேற்றம் இல்லை.

பிலோனோக்கின் மேல் எனக்குக் கோபம் வருகிறது. கூடவே ஒரு பரிதாபமும் வருகிறது. அந்த 21.16-ல் மருந்து எவ்வளவு, உழைப்பு எவ்வளவு என்று இனி எந்தத் தராசு பிரித்துச் சொல்லும்? அவருக்கே அது தெரியாது அல்லவா? நெல்சனுக்குப் பதக்கம் வந்து சேர்ந்தது. ஒலிம்பியாவின் அந்த நாளை யாராலும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.