யாரோடு சேர்ந்த சராசரி? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மருத்துவக் காப்பீட்டுக் கணக்கின் வரலாறு

மருத்துவக் காப்பீட்டுக்கு விலை வைப்பவர் ஆக்சுவரி. ஆயிரம் பேரில் எத்தனை பேர் இந்த ஆண்டு ஆஸ்பத்திரியில் படுப்பார்கள், ஆளுக்கு எவ்வளவு பில் வரும் என்று கணித்து, காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியத்தைச் சொல்வார். மருத்துவமனைக்கு எந்தக் கட்டணம் கட்டுப்படியாகும் என்பதையும் சொல்வார். அவர் உட்காருவது மும்பையிலோ சென்னையிலோ இருக்கலாம். அவர் கணக்கு வந்து விழும் இடங்களாக இரண்டு ஊர்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ராஜபாளையத்தில் ஆலைகள் உள்ளன. பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றமும் நுகர்வோர் ஆணையமும் உள்ளன. யாரை யாரோடு சேர்த்துச் சராசரி எடுப்பது என்ற கேள்விக்கு இந்த வட்டாரம் மூன்று விடைகளைப் பார்த்திருக்கிறது.

முதல் விடை சம்பளம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளருக்கு நோய்க் காப்பீடு வகுக்கும் வேலை 1943இல் பேராசிரியர் பி.பி. அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் தந்த அறிக்கை ஜவுளி, பொறியியல், கனிம–உலோகத் தொழில்களைத் தேர்ந்தெடுத்தது. அதன் வழிவந்ததுதான் 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ. சட்டம். அதன் திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. 1955 ஜனவரியில் கோவைக்கு வந்தது. சந்தா சம்பளத்தைப் பொறுத்தது. இன்று முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். வயது என்ன, ஏற்கெனவே என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. இருபது வயதுப் பையனின் சந்தா ஐம்பது வயதுக்காரரின் மருந்துக்குப் போகும். இது அறத்தை மட்டும் நம்பி விடப்பட்ட ஏற்பாடு அல்ல. ஈ.எஸ்.ஐ. கழகத்தின் சொத்தையும் பொறுப்பையும் குறித்த இடைவெளியில் மதிப்பிட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆம் பிரிவு கட்டளையிட்டது. ஐந்து ஆண்டாக இருந்த இடைவெளி 2010 திருத்தத்தில் மூன்றாகக் குறைந்தது.

ஆலைக்குள் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பஞ்சுப் பொதி பிரிபடும் ப்ளோரூமிலும், இழை சீவப்படும் கார்டிங்கிலும்தான் தூசி அதிகம். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும்; அடுத்தடுத்த நாளில் தணியும். மருத்துவ நூல்கள் பிஸினோசிஸ் என்று குறிக்கும் நோயின் தொடக்கம் இது. ஆண்டுக்கணக்கில் தூசியில் நின்றால் தணிவது நின்று, இளைப்பு நிலைத்துவிடும். 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இதைத் தொழில்நோய் என்று ஏற்றது. அதே நுரையீரலோடு தனியார் பாலிசிக்கு விண்ணப்பித்தால், அது 'ஏற்கெனவே இருக்கும் நோய்' ஆகிவிடுகிறது. ஒரே இருமல், இரண்டு ஏடுகளில் இரண்டு பெயர்.

இரண்டாம் விடை வயது. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் 1986இல் மெடிக்ளெய்மைக் கொண்டுவந்தன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் 1999இல் வந்தது. அதன்பின் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஆக்சுவரியை நியமிக்க வேண்டியதாயிற்று. ஆக்சுவரிகள் சட்டம் இயற்றப்பட்ட 2006இல்தான் மருத்துவக் காப்பீட்டுக்கென்றே தனி நிறுவனமாக ஸ்டார் ஹெல்த் சென்னையில் தொடங்கியது. ஆயுள் காப்பீட்டுக்கு மரண அட்டவணை பழையது. நோய் அப்படி அடங்காது. மரணம் ஒருமுறை வரும், மூட்டுவலி எத்தனை முறை வரும் என்று யார் சொல்வது? வயதுவாரியாகப் பிரித்து விலை வைப்பதே எளிய வழியாயிற்று. சராசரியின் வட்டம் சுருங்கியது. ஆலையில் நாற்பது ஆண்டு உழைத்தவர், தேவை மிகும் வயதில், தன்னைப் போன்ற முதியவர்களோடு மட்டும் சேர்த்து எண்ணப்பட்டார். வயது முதிர்ந்து ஓய்வுபெறும் ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு ஆண்டுக்கு 120 ரூபாயில் மருத்துவ வசதி தொடர வழி இருக்கிறது. ஆனால் அதற்குக் காப்பீட்டுக்குட்பட்ட வேலையில் ஐந்து ஆண்டாவது இருந்திருக்க வேண்டும்.

அந்த வேலையே கிடைக்காதவர்களுக்காக வந்தது மூன்றாம் விடை, குடும்பம். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத் தறிகளில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. பத்துப் பேருக்குக் குறைவான கூடம் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே. ஊரார் காயத்துக்குத் துணி நெய்கிறவருக்குத் தன் காயத்துக்குக் காப்பீடில்லை என்ற நிலை 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தோடு மாறத் தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. அரசு குடும்பத்துக்கு இவ்வளவு என்று யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்குக் கட்டியது: முதலில் 497 ரூபாய், பின்பு 699, 2022இலிருந்து 849.

இப்படி ஒரு தொகை எப்படிப் பிறக்கிறது? ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: 1,000 குடும்பங்களில் ஆண்டுக்கு 40 பேர் சேர்க்கப்படுகிறார்கள், சராசரிச் செலவு 18,000 ரூபாய் என்றால் மொத்தம் 7,20,000. குடும்பத்துக்கு 720, அதன்மேல் நிர்வாகச் செலவு. பத்துப் பேர் கூடுதலாகப் படுத்தால் 900 ஆகிவிடும். அடையாள அட்டையின் பயனை மக்கள் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள அந்தப் பத்துப் பேர் வரவே செய்வார்கள். திட்டம் வெற்றி பெறுவதே அதன் விலையைக் கூட்டும்.

மருத்துவமனைப் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. அரசுத் திட்டம் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகுப்புக் கட்டணம் தருகிறது. நோயாளி நான்கு நாள் படுத்தாலும் ஏழு நாள் படுத்தாலும் தொகை அதேதான். மதுரையில் மாதம் நூறு அறுவை செய்யும் மருத்துவமனையில் ஒன்றிரண்டு சிக்கலாகும் நோயாளியின் செலவை மற்றவர்கள் ஈடுகட்டிவிடுவார்கள். மாதம் ஐந்து செய்யும் சிற்றூர் நர்சிங் ஹோமுக்கு ஒரு சிக்கல் வந்தால் அந்த மாத லாபம் போய்விடும். எந்தத் தொகுப்பை ஏற்பது, எதை விடுவது என்று ஆக்சுவரியிடம் ஆலோசனை கேட்க வேண்டியது சின்ன மருத்துவமனைதான். அதற்கு வசதி இருப்பதோ பெரியதுக்கு.

கணக்கு பிசகும்போது வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் மெடிக்ளெய்ம் பிறந்த 1986இலேயே பிறந்தது. ஆக்சுவரிக்கு ஒருவர் ஆயிரத்தில் ஒருவர். நுகர்வோர் ஆணையத்தின் முன் அவர் தன் டிஸ்சார்ஜ் சம்மரியோடு வந்து நிற்கும் தனி ஆள். நோயை மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மை மறுப்பதற்கு 2024இல் வரம்பு இறுக்கப்பட்டது. அறுபது மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரிடம், மோசடியை நிரூபித்தால் ஒழிய, அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பும் நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகியது. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் இவை பிரீமியத்தில் ஏறாமலிருக்க வேண்டுமானால், விலை வைப்பவருக்கு வட்டாரத்தின் நோய் தெரிந்திருக்க வேண்டும்.

பஞ்சாலைத் தொழிலாளியின் மூச்சிளைப்பு ஈ.எஸ்.ஐ. ஏட்டிலும், தறிக்காரரின் அறுவை அரசுத் திட்டத்தின் ஏட்டிலும், கடைக்காரரின் க்ளெய்ம் தனியார் ஏட்டிலும் தனித்தனியே கிடக்கின்றன. பெயர்களை நீக்கிவிட்டு இம்மூன்றையும் மாவட்டவாரியாக வெளியிட ஒன்றிய அரசும் தமிழக அரசும் ஒழுங்குமுறை ஆணையமும் முன்வர வேண்டும்.