குடும்பத்திட்டக் கிளினிக்: பொருத்தத் தெரிந்தால் மட்டும் போதுமா?

2013 ஓகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களைச் சேர்ந்த பெண்கள், உரிய விளக்கமின்றித் தமது கையில் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாக முறையிட்டனர். கிளினிக் ஊழியருக்கு என்ன கற்பிக்கப்படவேண்டும் என்ற கேள்வியை அந்தச் சம்பவத்திலிருந்தே நான் பார்க்கிறேன்.

எமது பகுதிகளில் இக்கிளினிக்குகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்துகின்றன. குடும்ப சுகாதாரப் பணியகம் வழிகாட்டுகிறது. வீடுவரை வருபவர் குடும்பநல உத்தியோகத்தர்.

பயிற்சிக்கு நல்ல வளங்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தகைமை அளவுகோல், எந்த நோயுள்ளவருக்கு எந்த முறை பொருந்தும் என்பதை 1 முதல் 4 வரை வகைப்படுத்துகிறது. 2007இல் முதலில் வெளிவந்த சேவை வழங்குநர் கைநூல், ஒவ்வொரு முறையின் பக்கவிளைவுகளையும் விளக்குகிறது.

ஊசி 3 மாதம் வேலை செய்யும். இரு குச்சிகள் கொண்ட ஜடெல் 5 ஆண்டுகள், செப்பு லூப் 10 ஆண்டுகள் வரை. குச்சியையும் லூப்பையும் விரும்பிய நேரம் அகற்றலாம். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்கமுடியாது. நிறுத்திய பின்னரும் கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம். ஆகவே விளக்கம் முதலில் வரவேண்டும், அதுவும் அந்தப் பெண்ணின் மொழியில்.

பொருத்த மட்டும் கற்ற ஊழியர் பாதிப் பயிற்சியே பெற்றவர். அகற்றவும், "வேண்டாம்" என்ற பதிலை ஏற்கவும் அவர் கற்றிருக்கவேண்டும்.

கிளினிக் செல்லும் சகோதரிகள் மூன்றைக் கேளுங்கள்: இது எவ்வளவு காலம்? என்ன பக்கவிளைவு? யார், எங்கே அகற்றுவார்? பதில் கிடைத்த பின்னர் முடிவெடுங்கள். முடிவு உங்களுடையது.